பொபிஞி, ஓர்லி, வித்ரி: பாரிசைச் சுற்றி ஏன் இத்தனை ‘ஈ’?

பொபிஞிவாசி | 4 ஜனவரி 2025

மெட்ரோ 5ஆம் கோட்டில் கடைசி நிலையம் பொபிஞி. ஆர்.ஈ.ஆர். புறநகர் ரயிலின்ர சி கோட்டில இவ்ரி, வித்ரி, ஜுவிசி, சவிஞி. தெற்கால அந்தோனி, மாசி, ஓர்லி. வடக்கால கிளிஷி, துரான்சி, நுவாசி. எல்லாம் ‘ஈ’யில முடியுது. பொபிஞியின்ர பழைய பெயர் ‘பல்பினியாக்கும்’ எண்டு ஓரிடத்தில கிடக்கு. ‘ஆக்கும்’ எண்டால் எங்கட ‘அகம்’ தானே? பல்பின் அகம், பல்பினின்ர வீடு. ஓர்லி எண்டது ‘ஓர்’, தங்கம், அதுக்குப் பிறகு ‘லி’, கட்டில். தங்கக் கட்டில்! தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

பழந்தாள் | 4 ஜனவரி 2025

அகமும் இல்லை, கட்டிலும் இல்லை. பல்பின் மட்டும் சரி.

‘ஆக்கும்’ என்பதில் உள்ள ‘உம்’ லத்தீன் வேற்றுமை விகுதி. ஆவணங்களில் இந்த ஊர்ப் பெயர்கள் பெரும்பாலும் ‘பல்பினியாக்கோ’ என்றுதான் வரும், ‘இன்ன ஊரில், இன்ன ஊரிலிருந்து’ என்று எழுதும்போது வரும் உருவம் அது. வாக்கியத்துக்கு ஏற்ப ‘உம்’ கழன்றுகொள்ளும். மிஞ்சுவது ‘ஆக்’. அகத்தோடு ஒட்டவைத்த ‘ம்’ போய்விட்டது.

அந்த ‘ஆக்’ லத்தீனும் அல்ல, ரோமர் வருமுன் பிரான்சில் பேசிய கெல்டிய மொழியான கோல் மொழியின் ‘-ஆகோ’. அதன் உறவுகள் இன்றும் பேச்சில் இருக்கின்றன: வெல்ஷில் ‘-ஓக்’, ஐரிஷில் ‘-அக்’, பிரான்சின் மேற்கு முனையில் பேசும் பிரத்தோனில் ‘-எக்’. வேல்ஸில் பிரிக்கன் என்ற அரசனின் நாடு ‘பிரிக்கைனியோக்’. பெயரோடு ஒட்டி ‘அவனுக்குரியது’ என்ற பொருள் தரும் விகுதி இது. தனியாக நின்று வீடு என்று பொருள் தருவதில்லை. நம் ‘அகம்’ தனித்து நிற்கும் பெயர்ச்சொல். ஒலி ஒத்திருப்பதும் பொருள் கிட்டத்தட்டப் பொருந்துவதும்தான் இங்கே ஆளைக் கவிழ்க்கிறது.

ஆக, பல்பினியாக்கும் என்றால் பல்பினஸ் என்பவனுடைய பண்ணை. ஓர்லி, ஔரேலியாக்கும்: ஔரேலியஸின் பண்ணை. அந்தோனி, அந்தோனியஸின் பண்ணை. ரோம ஆட்சியில் கோல் நாட்டவர் லத்தீன் பெயர் சூட்டிக்கொண்டார்கள், அவர்கள் நிலத்துக்கு வரிப்பதிவு அந்தப் பெயரில் நடந்தது. ஔரேலியஸ் என்றதும் பேரரசனைத் தேட வேண்டாம். ஊருக்கு நாலு முருகேசன் இருப்பது போல எங்கும் கிடந்த பெயர்.

ஒலிமாற்றம் | 5 ஜனவரி 2025

ஒலிகளையும் ஒவ்வொன்றாகக் காட்டிவிடுகிறேன். ஓர் எழுத்துக்குக் கணக்கு வராவிட்டாலும் அந்த விளக்கத்தை நம்பக் கூடாது.

பல்பினியாக்கும் → பொபிஞி. மெய்க்கு முன் நிற்கும் ‘ல்’ உகரமாகக் கரையும், பல்ப் என்பது பௌப் ஆகும். ‘அவு’ என்ற ஈருயிர் ‘ஒ’ ஆகும், பொப். ‘ன்’ அடுத்து ‘ய’ வந்தால் இரண்டும் உருகி ‘ஞ்’. கடைசியாக ‘-இயாக்’: ‘க்’ மெலிந்து யகரமாகி, முன்னே ஒரு யகரம், பின்னே ஒரு யகரம் என்று அகரத்தை இருபுறமும் நெருக்கும். ‘-இயேய்’, பிறகு வெறும் ‘-இ’. மத்தியகால எழுத்தர்கள் சொல்லின் கடைசி இகரத்தை ‘இ-கிரெக்’ (y) எழுத்தால் எழுதிப் பழகினார்கள். வால் நீண்டிருப்பதால் கையெழுத்தில் தெளிவாகத் தெரியும். அந்த எழுத்துக்கு வேறு பொருள் எதுவும் கிடையாது.

சபினியாக்கும் → சவிஞி. இங்கே ‘ப்’ இரண்டு உயிருக்கு நடுவே நிற்கிறது, அதனால் ‘வ்’ ஆனது. பல்பினஸில் அதே ‘ப்’ லகரத்துக்குப் பின் நின்றதால் தப்பியது. பெயரை எடுத்துக்கொண்டு இப்படி ஒப்பிட்டால்தான் விதி பிடிபடும்.

ஔரேலியாக்கும் → ஓர்லி. முதல் ‘ஔ’ ஒகரமானது. லத்தீன் ‘ஔரும்’ (தங்கம்) பிரெஞ்சில் ‘ஓர்’ ஆனதும் இதே விதியால்தான். தங்கக் கட்டில் அண்ணன் கண்ட ஒற்றுமை விதியில் உண்மை, பொருளில் பொய். நடுவிலிருந்த ‘ஏ’ அழுத்தம் இல்லாமல் உதிர்ந்தது.

ஒரு சின்ன மகிழ்ச்சி: ரோமன் எழுத்தில் இரண்டு எழுத்துச் சேர்த்து எழுதுகிற அந்த ஒலிக்கு நம்மிடம் ஒற்றை எழுத்தே இருக்கிறது. பொபிக்னி என்று எழுதாதீர்கள். ஞ சும்மா கிடக்கிறது, பயன்படுத்துங்கள்.

பழந்தாள் | 5 ஜனவரி 2025

ஒரு வழக்கமான பிழை: ‘-இஞி’ ஒரு விகுதி என்று எண்ணுவது. இல்லை. வெட்ட வேண்டிய இடம் ‘பல்பின் | இயாக்’. னகரம் ஆளின் பெயரைச் சேர்ந்தது. தவறான இடத்தில் வெட்டினால் ‘பொப்’ என்று ஒருவன் பிறந்துவிடுவான்.

பழந்தாள் | 7 ஜனவரி 2025

இந்த விகுதி நாடு முழுக்க எப்படிச் சிதறியது என்பதுதான் இதில் ருசியான பகுதி.

ஒரே பெயரை எடுத்துக்கொள்ளுங்கள், விக்தோரியாக்கும். பாரிஸ் பக்கம் வித்ரி. தெற்கே தொர்தோஞ் மாவட்டத்தில் வித்ராக். மேற்கே பிரித்தானி (பிரான்சின் மேற்கு முனை, பிரித்தானியா அல்ல) விளிம்பில் வித்ரே. மூன்றும் ஒரே அச்சு. சபினியாக்கும் இன்னும் தாராளம்: வடக்கில் சவிஞி, தெற்கில் சவிஞாக், மேற்கில் சவிஞே, செவிஞே. லியோனைச் சுற்றியுள்ள பகுதியில் முடிவு ‘-இயோ’ போல ஒலிக்கும், அம்பேரியோ அந்த வகை.

தெற்கில், அதாவது ஒக்சித்தான் பேசிய நாட்டில், ‘க்’ மெலியவே இல்லை. அதனால் ஔரேலியாக்கும் அங்கே ஒரியாக். காந்தால் மாவட்டத் தலைநகர். 999இல் இரண்டாம் சில்வெஸ்தர் என்ற பெயரில் போப்பாண்டவரான ஜெர்பேர் படித்த மடம் இங்கேதான். ஊராரின் ஒக்சித்தான் வழக்கில் இதன் பெயரை ‘ஓர்ல்யாக்’ என்பதற்கு நெருக்கமாக எழுதுவார்கள். ஓர்லி, ஓர்ல்யாக்: பக்கத்தில் வைத்தால் வால் மட்டும்தான் வேறு.

பிரித்தானியில் ஒரு வேடிக்கை. கிழக்குப் பிரித்தானியில் இன்று பிரெஞ்சு வகைப் பேச்சுதான், ஆனாலும் செவிஞாக், லூதேயாக், பிப்ரியாக், மெசாக் என்று தெற்கத்தி வால். காரணம், மத்திய காலத் தொடக்கத்தில் பிரத்தோன் பேச்சு அதுவரை பரவியிருந்தது. அந்த மொழியில் ககரம் மெலியாது. பிறகு பிரத்தோன் மேற்கே பின்வாங்கியது, ககரம் மட்டும் ஊர்ப் பெயரில் தங்கிவிட்டது. வரைபடத்தில் வித்ரேயிலிருந்து மேற்கே நகர்ந்து ‘-ஏ’ எங்கே நின்று ‘-ஆக்’ எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டுப் பாருங்கள். அந்தக் காலப் பிரத்தோன் எல்லை ஓரளவுக்குக் கண்ணில் படும்.

பொபிஞிவாசி | 7 ஜனவரி 2025

அப்ப கோஞாக்? அர்மஞாக்? கடிலாக் கார்?

பழந்தாள் | 7 ஜனவரி 2025

மூன்றும் இதே குடும்பம். முதல் இரண்டும் புட்டியில் இருப்பதால் எல்லோருக்கும் தெரியும். கடிலாக் என்பது ஜிரோந்து மாவட்டத்து ஊர். 1701இல் டெட்ராய்ட்டை நிறுவிய அந்துவான் லோமே தனக்குத்தானே ‘லா மோத் கடிலாக்’ என்று பட்டம் ஒட்டிக்கொண்டார். காருக்கு அவர் பெயர். அந்த ஊர் அவருடையது அல்ல.

ஒலிமாற்றம் | 8 ஜனவரி 2025

முதல் பதிவில் உள்ள ஒரு பெயரை யாரும் கவனிக்கவில்லை: நுவாசி. ‘ஈ’யில் முடிந்தாலும் அது இந்தக் குடும்பம் இல்லை.

நுவாசி-லெ-கிரான், நுவாசி-லெ-செக் இரண்டும் ‘நுகேத்தும்’. லத்தீனில் ‘நுக்ஸ்’ என்றால் கொட்டை மரம், அக்ரோட்டு. ‘-ஏத்தும்’ என்றால் அந்த மரம் நிறைந்த தோப்பு. சாதாரணமாக ‘-ஏத்தும்’ பிரெஞ்சில் ‘-ஏ’ அல்லது ‘-உவா’ ஆகும். இங்கே மட்டும் ஏன் ‘ஈ’? அதற்கு முன்னால் நின்ற ககரம் மென்மையாகி, பின்னால் வந்த ஏகாரத்தை இகரமாக இழுத்துவிட்டது. ‘கேரா’ (மெழுகு) ‘சீர்’ ஆனதும், ‘மெர்கேதெம்’ தேய்ந்து ‘மெர்சி’ (நன்றி) ஆனதும் இப்படித்தான். நீங்கள் கடையில் சொல்லும் மெர்சியும் நுவாசியும் ஒரே விதியில் விளைந்தவை. 6ஆம் நூற்றாண்டில் தூர் நகர ஆயர் கிரெகோரி நுவாசி-லெ-கிரானை எழுதியபோது அதில் ‘-இயாக்கும்’ கிடையாது.

இதன் மறுபக்கம் ‘-ஏ’ ஊர்கள். ஓனே-சூ-புவா: ‘அல்னேத்தும்’, ஆல்டர் மரத் தோப்பு. லெ ஷெனே: கருவாலித் தோப்பு. ஆனால் ஷாம்பெய்ன் நாட்டு எபெர்னே ‘ஸ்பர்னாக்கும்’, நம் குடும்பமே. காதுக்கு எபெர்னேயும் ஓனேயும் ஒரே வால். பழைய உருவத்தைப் பார்க்காமல் பிரிக்கவே முடியாது.

பழந்தாள் | 8 ஜனவரி 2025

நன்றி, நானும் பார்த்தபடியே கடந்துவிட்டேன். அப்படியே என் 4ஆம் தேதிக் குறிப்பையும் திருத்துகிறேன். ‘ஆள் பெயரோடு ஆக்கும்’ என்று எல்லா ஊருக்கும் பொருந்துவது போல எழுதிவிட்டேன். பொருந்தாது. மரம், மேடு, நீர் போன்ற சொற்களோடும் இந்த விகுதி ஒட்டியிருக்கிறது. ரோமருக்கு முன்பே இருந்த வழக்கு இது. இன்னொரு முனையில், பிராங்கியர் என்ற ஜெர்மானிய இனத்தார் வந்த பிறகும் ஜெர்மானியப் பெயர்களோடு கொஞ்ச காலம் ஒட்டிக்கொண்டிருந்தது.

இன்னொரு எச்சரிக்கை. அகராதிகளில் பெயருக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருந்தால் அந்த ஆள் எந்தக் கல்வெட்டிலும் ஆவணத்திலும் அகப்படாதவர், ஊர்ப் பெயரை விளக்குவதற்காகவே ஆய்வாளர் உண்டாக்கியவர் என்று அர்த்தம். பழைய ஆய்வாளர்களுக்கு இதில் கை தாராளம். ஊரிலிருந்து ஆளைச் செய்து, பிறகு ஆளிலிருந்து ஊரை விளக்குவார்கள்.

பொபிஞிவாசி | 11 ஜனவரி 2025

பழந்தாள் அண்ணை, நானே ஒரு ஊரைத் தேடுறதெண்டால் எங்க தொடங்கோணும்?

பழந்தாள் | 12 ஜனவரி 2025

முதலில் ஊரை அடையாளம் காணுங்கள். சவிஞி என்ற பெயரில் நாடு முழுக்க ஊர்கள் கிடக்கின்றன. ‘சவிஞி’ என்று மட்டும் குறித்துக்கொண்டு தேடினால் பர்கண்டி ஆவணத்தைப் பாரிசுக்கு ஒட்டிவிடுவீர்கள். அரசு புள்ளிவிவர நிறுவனம் ஒவ்வோர் ஊருக்கும் தரும் ஐந்து இலக்க இன்சே குறியீட்டை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பொபிஞி 93008. அஞ்சல் குறியீடு வேறு, அது பல ஊருக்குப் பொதுவாக இருக்கும்.

இரண்டாவது, எந்த மாவட்டம் என்பது. பாரிசைச் சுற்றி இது பெரிய குழி. இன்றைய சேன்-சேன்-துனி, வால்-தெ-மார்ன் எல்லாம் 1968 ஜனவரி 1 முதல்தான். அதற்கு முன் பொபிஞியும் ஓர்லியும் சேன் மாவட்டம், சவிஞியும் ஓனேயும் சேன்-எ-உவாஸ். பழைய நூலையும் காப்பகப் பட்டியலையும் பழைய மாவட்டத்தின் பெயரில்தான் தேட வேண்டும்.

மூன்றாவது, பின்னோக்கி நடப்பது. இன்றிலிருந்து ஒரே தாவலில் ரோமுக்குப் போகக் கூடாது. 19ஆம் நூற்றாண்டு நில அளவைப் பதிவு முதலில். 1807 சட்டத்தால் தொடங்கிய நெப்போலியன் காலக் ‘கதாஸ்தர்’ வரைபடங்களை மாவட்டக் காப்பகத் தளங்களில் பெரும்பாலும் இலவசமாகப் பார்க்கலாம். வயல், தோப்பு, மூலைமுடுக்கின் பெயர் வரை அதில் இருக்கும். அதற்கு முன் கசினி வரைபடம், 18ஆம் நூற்றாண்டு, அளவு 1:86,400. எழுத்துக்கூட்டலில் கசினியை அதிகம் நம்பக் கூடாது. அளக்கப் போனவர்கள் காதில் விழுந்ததை எழுதினார்கள்.

அதற்கும் கீழே இறங்க, மாவட்டவாரி இடப்பெயர் அகராதிகள். 1861இல் எர்-எ-லுவார் மாவட்டத்தோடு வரத் தொடங்கிய வரிசை. ஒவ்வோர் ஊருக்கும் பழைய உருவங்களை ஆண்டோடு அடுக்கித் தரும். எல்லா மாவட்டத்துக்கும் தொகுதி வரவில்லை. காந்தாலுக்கு உண்டு, அதனால் ஒரியாக் தேடுபவர்கள் கொடுத்துவைத்தவர்கள். தொகுதி இல்லாத இடத்தில் மடங்களின் பத்திரத் தொகுப்புகளையும் மறைமாவட்டத் திருச்சபை வருவாய்ப் பட்டியல்களையும் புரட்ட வேண்டும். பாரிஸ் பக்கத்துக்கு 9ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் சேன்-ஜெர்மேன்-தெ-பிரே மடாதிபதி இர்மினோன் எடுக்க வைத்த நிலக் கணக்கு ஒரு புதையல். ஊர், குடியானவர் பெயர், பிள்ளைகள், எவ்வளவு நிலம், என்ன வரி என்று எல்லாம் அதில் உண்டு. மெரோவிங்கியர் என்ற முதல் பிராங்கிய அரச மரபுக் காலச் சிறு பொன் நாணயங்களையும் மறக்காதீர்கள். அச்சடித்தவன் பெயரோடு ஊர்ப் பெயரும் பொறித்திருப்பார்கள். நாணயத்தை யாரும் பிரதி எடுக்கும்போது திருத்தி எழுதவில்லை.

பழந்தாள் | 12 ஜனவரி 2025

அந்தக் கடைசி வரியை விரிக்க வேண்டும், ஏனென்றால் அதிகம் சறுக்குவது அங்கேதான்.

ஆவணத்தின் ஆண்டு வேறு, பிரதியின் ஆண்டு வேறு. 9ஆம் நூற்றாண்டுப் பத்திரம் என்று அச்சிட்டிருப்பார்கள், கையில் இருப்பது 12 அல்லது 13ஆம் நூற்றாண்டில் மடத்தில் எடுத்த பிரதியாக இருக்கும். பிரதி எடுத்தவர் ஊர்ப் பெயரைத் தன் காலத்து உச்சரிப்புக்கு மாற்றியிருக்கலாம். அதைவிட மோசம், தன் காதில் கேட்ட ‘ஈ’யை வைத்துத் தானே ஒரு லத்தீன் உருவம் கட்டியிருக்கலாம். நுவாசியைக் கேட்டுவிட்டு ‘நுவாசியாக்கும்’ என்று எழுதினால் எவ்வளவு அசலாக இருக்கும் பாருங்கள். இந்தப் போலி லத்தீனால்தான் பல தோப்புகள் பண்ணைகளாகிவிட்டன. 12ஆம் நூற்றாண்டுக்குப் பின் முதன்முதலாகத் தலைகாட்டும் ‘-இயாக்கும்’ எதையும் இன்னொரு சாட்சி இல்லாமல் ஏற்காதீர்கள்.

சுருக்கக் குறிகளும் தொல்லை. ‘ஔரேல்.’ என்று எழுத்தர் நிறுத்திவிட்டால் அது ஒரியாக்கா ஓர்லெயானா? ஓர்லெயான் ‘ஔரேலியானும்’, விகுதி வேறு. சீசர் காலத்தில் அதற்குக் கெனாபும் என்று பெயர். சுற்றியுள்ள வரிகளில் எந்த ஆறு, எந்த ஆயர் என்று பார்த்துத்தான் தீர்க்க வேண்டும்.

புரட்சிக் காலத்துத் தாள் என்றால் ஊர்ப் பெயரே மாறியிருக்கும். பூர்-லா-ரேன் (‘அரசியின் பூர்’) அப்போது பூர்-எகாலித்தே (‘சமத்துவ பூர்’). சேன்-துனி ‘ஃபிரான்சியாத்’. தேடுபொறியில் அகப்படவில்லை என்றால் ஊர் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

ஒலிமாற்றம் | 13 ஜனவரி 2025

இன்னொரு பொறி: ‘லெ’ என்று எழுதி மேலே சாய்கோடு போட்டிருந்தால் அது பன்மைச் சுட்டு அல்ல. லத்தீன் ‘லதுஸ்’, பக்கம். ஓனேயின் பழைய பெயர் ஓனே-லே-பொந்தி, ‘பொந்திக்குப் பக்கத்து ஓனே’. சாய்கோட்டைத் தட்டச்சில் விட்டுவிடுவார்கள். உடனே யாராவது ஒரு பன்மை விளக்கம் கண்டுபிடிப்பார்கள்.

ஊர்மக்கள் பெயரையும் சான்றாக வைக்காதீர்கள். பொபிஞிக்காரர் ‘பல்பினியேன்’, எபெர்னேக்காரர் ‘ஸ்பர்னாசியேன்’. பழைய லத்தீன் அப்படியே உயிரோடு இருப்பது போலத் தெரியும். உண்மையில் படித்தவர்கள் லத்தீன் ஆவணத்தைப் பார்த்துப் பின்னால் செய்து சூட்டியவை.

பொபிஞிவாசி | 14 ஜனவரி 2025

93ஆம் மாவட்டத்தில இவ்வளவு காலம் இருந்து நான் பல்பினியேன் எண்டது இண்டைக்குத்தான் தெரியும். வடக்கே பெல்ஜியம் பக்கம் போனால் இந்த வால் என்ன ஆகுது?

பழந்தாள் | 15 ஜனவரி 2025

அங்கே இரட்டைப் பெயர்கள். முன்னால் இகரம் இல்லாத வெறும் ‘-ஆக்கும்’ பிரெஞ்சில் ‘-ஏ’ ஆகிறது: கமராக்கும் → காம்ப்ரே, துர்னாக்கும் → தூர்னே. பிளெமிஷ்காரர்கள் ககரத்தை விடவில்லை, காம்ப்ரேயை ‘காமரைக்’ என்கிறார்கள், தூர்னேயை ‘தோர்னிக்’. இந்தக் காமரைக்கில் நெய்த மெல்லிய லினன் துணிதான் ஆங்கிலத்துக்குப் போய் ‘கேம்ப்ரிக்’ ஆனது. நம் ஜவுளிக்கடையில் கேம்ப்ரிக் காட்டன் என்று மீட்டர் கணக்கில் கிழிக்கிறார்களே, அதன் கடைசி ககரம் கோல் மொழியின் ககரம்.

ஜெர்மன் பக்கம் ‘-அக்’: அந்துன்னாக்கும், இன்று அந்தர்நாக்.

ஒலிமாற்றம் | 15 ஜனவரி 2025

நேர்த் தெற்கில், மத்தியதரைக் கரையோரம், ‘-ஆக்’ மெலிந்து ‘-ஆன்’ ஓங்கும். பெர்பிஞான், ஃப்ரொந்திஞான். இது லத்தீனின் சொந்த விகுதி ‘-ஆனும்’, வேலை அதேதான், இன்னாருடைய பண்ணை. நர்போன் கி.மு. 118இலேயே ரோமர் குடியேற்றம். சீசர் வடக்கே படையெடுத்தது கி.மு. 58இல். அறுபது ஆண்டு முந்திய லத்தீன் வாசம்.

பொபிஞிவாசி | 18 ஜனவரி 2025

பாரிசில இருக்கிற மொன்மார்த்ர் குன்று எண்டால் மறைசாட்சிகளின்ர மலை எண்டு வழிகாட்டி எல்லாரும் சொல்லுறினம். அதுவும் பிழையோ?

பழந்தாள் | 18 ஜனவரி 2025

‘மறைசாட்சி மலை’ 9ஆம் நூற்றாண்டில் சேன்-துனி மடாதிபதி இல்துவேன் புனிதர் துனியின் வரலாற்றை எழுதும்போது உறுதிப்பட்டது. அவரே முன்பு அது ரோமக் கடவுள் மெர்க்குரியின் மலை என்கிறார். அதற்கு முந்திய பிரெதெகார் நாளாகமத்திலும் மெர்க்குரிதான். ‘மார்ஸ் மலை’ (மார்ஸ் ரோமரின் போர்க் கடவுள்) என்ற உருவமும் அதே 9ஆம் நூற்றாண்டில் ஓடியது. ஒலியை மட்டும் வைத்தால் மார்ஸும் மறைசாட்சியும் இரண்டுமே மார்த்ர் வரை வந்து நிற்கும், மெர்க்குரி சிரமப்படுவார். வழிகாட்டி சொல்வது பிழை என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு மடத்தின் வருமானமும் இருந்தது.

பொபிஞிவாசி | 19 ஜனவரி 2025

கடைசிக் கேள்வி. லா ஷப்பெல். எங்கட கடையள் இருக்கிற இடம்.

ஒலிமாற்றம் | 19 ஜனவரி 2025

ஷப்பெல் என்றால் சிறு ஆலயம். எழுத்தே சொல்கிறது. இதற்கு இழை வேண்டாம்.

பழந்தாள் | 20 ஜனவரி 2025

எழுத்து சொல்வது பாதிதான். லத்தீனில் ‘கப்பெல்லா’ என்றால் குட்டி மேலங்கி. தூர் நகரத்துப் புனிதர் மார்த்தேன் பிச்சைக்காரனோடு பங்கிட்டுக்கொண்டதாகச் சொல்லும் அங்கியை பிராங்கிய அரசர்கள் புனிதப் பொருளாக வைத்திருந்தார்கள். அங்கி இருந்த அறைக்கும் அதே பெயர் ஒட்டி, பிறகு எல்லாச் சிறு ஆலயத்துக்கும் பரவியது. அதைக் காத்தவர் ‘கப்பெல்லானுஸ்’. லா ஷப்பெலில் நீங்கள் வேட்டி, சேலை வாங்குகிற தெருவுக்கு அடியில் கிடக்கும் சொல்லும் ஒரு துணிதான்.